தோளில் ஒரு தழும்பு

தமிழகத்தில் பிறந்து வளர்ந்த இளைஞர் பெரும்பாலோரின் இடது மேற்கையில் ஒரு சிறு தழும்பு காணப்படும். தோல் சற்றே சுருங்கி, வெளிறி, மிளகளவில் இருக்கும் அதனை வீட்டு முதியோர் ‘அம்மை குத்திய தழும்பு’ என்பர். அவர்கள் கையில் இருப்பது அதுதான். இளையோர் கையில் இருப்பது வேறு. பெரியம்மைத் தடுப்பூசி 1970களுக்குப் பின் வழக்கொழிந்துவிட்டது. பிறந்த சில நாள்களில் காசநோயைத் தடுக்கும் பொருட்டுப் போடப்படும் பி.சி.ஜி. ஊசியே இளையோர் தோளில் தன் அடையாளத்தை விட்டுச் செல்கிறது.

அந்த ஊசி உண்மையில் எதைத் தடுக்கிறது? எதைத் தடுப்பதில்லை? இவ்வினாவுக்கு மருத்துவ உலகம் இன்றும் எடுத்துக்காட்டும் விடைகளுள் முதன்மையான ஒன்று இலண்டனிலோ பாரிசிலோ கிடைத்ததன்று. சென்னைக்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் வட்டாரத்து ஊர்களில் கிடைத்தது. அன்று அப்பகுதி செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தமையால் உலக நூல்களில் அது ‘செங்கற்பட்டு ஆய்வு’ என்றே பெயர் பெற்றுள்ளது. திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-இல்தான்.

மூச்சில் பரவும் நோய்

காசநோயைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். உடலை உருக்கும் அதன் தன்மை நோக்கி ‘எலும்புருக்கி’ என்று பெயரிட்டனர். இந்நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியைக் கண்டறிந்ததாக செருமானிய மருத்துவர் இராபர்ட் கோக் 1882-ஆம் ஆண்டு மார்ச்சு 24-ஆம் நாள் அறிவித்தார். நுரையீரலில் நோய் முற்றிய ஒருவர் இருமும்போது கண்ணுக்குத் தெரியாத நீர்த்திவலைகள் காற்றில் மிதக்கின்றன. அவற்றை மூச்சோடு உள்ளிழுப்போருக்குத் தொற்று ஏற்படுகிறது.

தொற்று வேறு, நோய் வேறு. இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டால்தான் பின்வரும் செய்திகள் விளங்கும். கிருமி உடலில் புகுந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் நலமாகவே இருக்கின்றனர். கிருமி உறங்கிக் கிடக்கிறது. ஏறத்தாழ நூற்றுவரில் ஐவர் முதல் பதின்மர் வரையே நோயாளர் ஆகின்றனர். நோய் இன்று வருமா, முப்பது ஆண்டு கழித்து வருமா என்று முன்கூட்டிச் சொல்ல இயலாது. காலராவைப் போல ஒரு வாரத்தில் வந்து போகும் நோயாயின், ஒரு தடுப்பூசியின் பயனை ஒரு பருவத்தில் அளந்துவிடலாம். காசநோய்க்கு ஒரு தலைமுறைக்காலம் காத்திருக்க வேண்டும்.

விடுதலை பெற்ற இந்தியா 1955 முதல் 1958 வரை நடத்திய மாதிரிக் கணக்கெடுப்பு ஒரு பழைய நம்பிக்கையைத் தகர்த்தது. காசநோய் நெரிசல் மிக்க நகரங்களின் நோய் என்றே அதுவரை கருதப்பட்டது. சிற்றூர்களிலும் அது ஏறக்குறைய அதே அளவில் இருப்பதை அக்கணக்கு காட்டியது. பல இலட்சம் சிற்றூர்களுக்கு மருத்துவமனைக் கட்டில்கள் கட்டிக்கொடுக்க எந்த அரசாலும் இயலாது. பிறகு என்ன வழி?

சேத்துப்பட்டில் கிடைத்த முதல் விடை

அவ்வினாவை ஆராய 1956-இல் சென்னைச் சேத்துப்பட்டில் காசநோய் வேதிச்சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாகாண அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகியவை அதில் கைகோத்தன. அம்மையமே பின்னர்க் காசநோய் ஆராய்ச்சி மையமாகி, 2011 முதல் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயருடன் இயங்குகிறது.

நல்ல காற்று, ஓய்வு, சத்துணவு ஆகியவை கிடைக்கும் சானடோரியத்தில் மாதக்கணக்கில் தங்கினால்தான் காசநோய் குணமாகும் என்பது அந்நாளைய மருத்துவத்தின் உறுதியான கொள்கை. தாம்பரத்தை அடுத்த தொடர்வண்டி நிலையம் இன்றும் அப்பெயரைத் தாங்கி நிற்கிறது. வாலஸ் பாக்ஸ் என்னும் மருத்துவரின் தலைமையில் சேத்துப்பட்டுக் குழுவினர் 193 நோயாளரை இரு கூறாக்கினர். ஒரு கூற்றினர் சானடோரியத்திலும் மறு கூற்றினர் சென்னையின் ஏழைக் குடியிருப்புகளில் தத்தம் வீட்டிலும் இருந்தபடி ஓராண்டு ஒரே மருந்துகளை உட்கொண்டனர். வீட்டிலிருந்தவர்கள் உண்ட உணவு குறைவு; ஓய்வு குறைவு; இடமும் குறுகியது. ஆயினும் இரு சாராரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டிலிருந்த நோயாளரின் குடும்பத்தாருக்கு நோய் கூடுதலாகத் தொற்றவும் இல்லை. 1959-இல் வெளிவந்த இம்முடிவு உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு வழிவகுத்தது.

வந்த நோயைக் குணப்படுத்தும் வழி இவ்வாறு புலப்பட்டது. வராமல் தடுக்கும் வழி உண்டா என்பது அடுத்த வினா.

ஓர் ஊசி, பல முடிவுகள்

பிரெஞ்சு நாட்டின் லீல் நகரில் ஆல்பர்ட் கால்மெட், கமில் கெரான் ஆகிய இருவரும் மாடுகளைத் தாக்கும் காசநோய்க் கிருமியை 1908 முதல் 13 ஆண்டுகள், 230 முறை மீண்டும் மீண்டும் வளர்த்து, அதன் நச்சுத்தன்மையைக் குறைத்தனர். அவ்விருவர் பெயரின் முதலெழுத்துகளையும் தாங்கிய பி.சி.ஜி. 1921-இல் முதன்முறையாகக் குழந்தை ஒன்றுக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவில் 1948-இல் கிண்டியில் பி.சி.ஜி. ஆய்வகம் தொடங்கப்பட்டது, 1951 முதல் நாடு தழுவிய அளவில் ஊசி போடும் பணி நடைபெற்றது.

எதிர்ப்பும் எழுந்தது. 1955-இல் மூதறிஞர் இராஜாஜி, அவ்வூசியின் பயனையும் பாதுகாப்பையும் ஐயுற்றுக் கடுமையாக எழுதினார். மருத்துவர்கள் அவருக்கு மறுமொழி கூறினர். அவ்விவாதத்தில் இரு தரப்பாரிடமும் இல்லாத ஒன்று உண்டு. இந்திய ஊர்களில் நெடுங்காலம் தொடர்ந்து எடுக்கப்பட்ட பெருங்கணக்கே அது.

பிற நாட்டுக் கணக்குகளோ ஒன்றோடொன்று முரண்பட்டன. பிரித்தானியாவில் பள்ளிப் படிப்பை முடித்த சிறுவர் சிறுமியரிடம் நடந்த ஆய்வில் ஊசி முக்கால் பங்குக்கும் மேலாகப் பாதுகாப்பு அளித்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் நடந்த ஆய்விலோ பயன் மிகச் சிறிதாகவே தென்பட்டது. அன்றைய சென்னை மாகாணத்தின் மதனப்பள்ளியில் டேனிய மருத்துவர் பிரிமொட்–மோல்லர் 1950-இல் ஓர் ஆய்வைத் தொடங்கியிருந்தார். ஆனால் உறுதியாக முடிவு சொல்லும் அளவுக்கு அது பெரிதன்று. ஊசி மருந்தின் வகையால் வேறுபாடா, அளவால் வேறுபாடா, அன்றி நிலமும் நீரும் மக்களும் வேறாதலால் வேறுபாடா என்று ஒருவராலும் கூற முடியவில்லை. இதைத் தீர்ப்பதற்காகவே திருவள்ளூர் வட்டாரம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

இருநூற்று ஒன்பது ஊராட்சிகள்

1968-இல் பணி தொடங்கியது. அடுத்தடுத்து அமைந்த 209 ஊராட்சிகளும் ஒரு நகரமும் ஆய்வு எல்லைக்குள் வந்தன. வீடு வீடாகச் சென்று குடும்பத்தலைவர் பெயர், உறுப்பினர், வயது, பால் ஆகியவற்றைப் பதிந்தனர். பதிவானோர் 3,66,625 பேர். அவர்களுள் 2,81,161 பேர், அதாவது நான்கில் மூன்று பங்கினருக்கு மேல், ஊசி போட்டுக்கொண்டனர். ஒரு தடுப்பூசியின் திறனை அறிய இத்தனை பெரிய பி.சி.ஜி. ஆய்வு அதற்கு முன் நடந்ததில்லை.

எல்லாருக்கும் ஒரே ஊசி போடப்படவில்லை. டேனிய வகை, பிரெஞ்சு வகை என இருவகை மருந்து. ஒவ்வொன்றிலும் கூடியதும் குறைந்ததுமாக இரண்டு அளவு. எஞ்சியோருக்கு மருந்தற்ற வெற்று ஊசி. யாருக்கு எது என்பதைச் சமவாய்ப்பு முறை தீர்மானித்தது. ஏன் இந்த ஏற்பாடு? பேருந்துச் சாலையோரத்து ஊருக்கு மருந்தும் ஏரிக்கு அப்பாலுள்ள ஊருக்கு வெற்று ஊசியும் போட்டிருந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பார்க்கலாம். சாலையோரத்து ஊரில் நோய் குறைந்தால் அது ஊசியாலா, நல்ல உணவாலா, மருத்துவமனை அருகிலிருப்பதாலா என்று பிரித்தறிய முடியாது. ஆளைப் பார்த்தோ ஊரைப் பார்த்தோ அன்றிச் சமவாய்ப்பால் பிரிக்கும்போது, ஊசி ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றிலும் இரு சாராரும் ஏறத்தாழ ஒத்திருப்பர்.

மருந்துக் குப்பிகளின் மேல் குறியெண் மட்டுமே இருந்தது. ஊசி போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது. ஊடுகதிர்ப் படத்தைப் படித்த மருத்துவர், ‘இவர் தடுப்பூசி பெற்றவர்’ என்று முன்பே அறிந்திருந்தால், ஐயத்துக்குரிய நிழலை நோயன்று எனத் தள்ளிவிடக்கூடும். நேர்மையானவரின் கண்ணும் எதிர்பார்ப்பின் பக்கம் சாயும் இயல்புடையது, அதனாலேயே இம்மறைப்பு.

இதற்குப் பின் வந்த பணியே கடினமானது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகை முழுவதையும் மீண்டும் சென்று காண வேண்டும். ஊடுகதிர்க் கருவியுடன் ஊர்கள்தோறும் செல்ல வேண்டும். நிழல் தென்பட்டோரிடமும் இருமல் உள்ளோரிடமும் சளி பெற்று, ஆய்வகத்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும். இடைப்பட்ட காலத்தில் நோய்க்குறியுடன் தாமே வருவோரையும் பதிய வேண்டும். திருமணமாகிச் சென்ற பெண்கள், சென்னைக்கு வேலை தேடிப் போனவர்கள், இறந்தவர்கள், புதிதாய்ப் பிறந்தவர்கள் என ஒவ்வொரு சுற்றிலும் பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். நடவுக் காலத்தில் பகல் நேரத்தில் வீடுகள் பூட்டிக் கிடக்கும். பதினைந்து ஆண்டுகள் இப்பணி விடாது நடைபெற்றது. பெய்லி, இராஜ் நாராயண், மயூர்நாத், வள்ளிஷாயி, டேனியரான குல்டு ஆகியோரின் பெயர்கள் அதன் ஆய்வறிக்கைகளில் இடம்பெற்றுள்ளன. வீட்டுக்கு வீடு நடந்து சளிக் குப்பிகளைச் சுமந்து வந்த களப்பணியாளர்களின் பெயர்களுக்கு அறிக்கைகளில் இடமில்லை. ஆய்வுலகின் வழக்கம் அது.

‘தீய செய்தி’

ஏழரை ஆண்டுக் கணக்கு 1979-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளிவந்தது. தொடக்கத்தில் தொற்று இல்லாதிருந்தவர்களுள் பின்னர் நோயுற்றோரை எண்ணிப் பார்த்தபோது, தடுப்பூசி பெற்றோருக்கும் வெற்று ஊசி பெற்றோருக்கும் இடையே பாதுகாப்பைக் காட்டும் வேறுபாடு எதுவும் இல்லை. மருந்தின் வகையோ அளவோ முடிவை மாற்றவில்லை. இலண்டனிலிருந்து வெளிவரும் ‘லான்செட்’ மருத்துவ இதழ் 1980 சனவரியில் எழுதிய தலையங்கத்தின் பெயரிலேயே, இந்தியாவிலிருந்து தீய செய்தி வந்திருப்பதாகக் குறிப்பிட்டது.

கோடிக்கணக்கானோருக்கு ஏற்கெனவே போடப்பட்டுவிட்ட ஊசி அது. அதனை வலியுறுத்தி அரசுகள் பெரும்பணம் செலவிட்டிருந்தன. இத்தகைய முடிவை மூடி மறைப்பதற்கும், சில எண்களை மட்டும் எடுத்துக்காட்டி மழுப்புவதற்கும் வாய்ப்புகள் பல இருந்தன. ஆய்வாளர்கள் முடிவை உள்ளவாறே வெளியிட்டதோடு, பணியையும் நிறுத்தாமல் தொடர்ந்தனர்.

பதினைந்து ஆண்டுக் கணக்கு 1999-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி இதழில் வெளிவந்தது. நுரையீரலைத் தாக்கி, சளியில் கிருமியை வெளிப்படுத்தும் காசநோயிலிருந்து வளர்ந்தோருக்குப் பி.சி.ஜி. எவ்விதப் பாதுகாப்பும் அளிக்கவில்லை. சிறுவர்களிடம் 27 விழுக்காடு பாதுகாப்புத் தென்பட்டது. இந்த 27 என்னும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாகாது. ஆய்வாளர்கள் அதனோடு ஒரு வரம்பையும் தந்துள்ளனர்: கீழே –8, மேலே 50. உண்மையான பயன் 50 விழுக்காடாகவும் இருக்கலாம். சிறிதும் இல்லாமலும் போகலாம். ஊசி பெற்றவர்களிடம் நோய் சற்றுக் கூடுதலாக இருந்தது என்பதற்கும் அக்கணக்கு இடம் தருகிறது. சுழியம் அவ்வரம்பினுள் அடங்குவதால், அச்சிறு பயன் தற்செயலாகத் தோன்றியதாக இருக்கலாம் என்பதைத் தள்ள முடியாது. நாளிதழில் ‘இத்தனை விழுக்காடு பயன்’ என்னும் செய்தியைக் காணும்போது அதன் வரம்பு என்ன என்று கேட்கும் பழக்கம் நம் நாட்டில் இன்னும் பரவவில்லை.

அப்படியானால் பிறந்த குழந்தைக்கு ஏன் இன்றும் அவ்வூசி? திருவள்ளூர் ஆய்வு ஆராய்ந்தது நுரையீரல் காசநோயை மட்டுமே. பச்சிளங்குழந்தைகளின் மூளையுறையைத் தாக்கும் காசநோயும், குருதி வழியே உடல் முழுதும் பரவும் காசநோயும் கொடியவை, அவற்றைப் பி.சி.ஜி. பெருமளவு தடுக்கிறது என்பதை வேறு ஆய்வுகள் நிறுவியுள்ளன. ஆகவே 1980-இல் கூடிய வல்லுநர் குழு ஊசியைக் கைவிடுமாறு கூறவில்லை. குழந்தைகளுக்குத் தொடருமாறே கூறியது. மாறியது ஊசியன்று, அதன்மேல் வைத்த நம்பிக்கை. நோயைப் பரப்புவோர் பெரும்பாலும் நுரையீரல் நோயுற்ற வளர்ந்தோரே. அவர்களைக் காக்க இயலாத ஊசியால், ஒருவரிடமிருந்து மற்றொருவருக்குச் செல்லும் தொற்றுச் சங்கிலியை அறுக்க இயலாது. குழந்தையின் உயிரைக் காக்கும் கருவி அது. ஊரிலிருந்து நோயை விரட்டும் கருவியன்று.

காரணம் என்ன?

பிரித்தானியாவில் பயன்தந்த ஊசி திருவள்ளூரில் ஏன் பொய்த்தது என்பதற்கு முழுமையான விடை இன்றும் இல்லை. மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் உறவினங்கள் பல தீங்கின்றி வாழ்கின்றன. வெப்ப நாடுகளில் அவை மிகுதி. வயலிலும் ஏரியிலும் புழங்கும் மக்களின் உடல் அவற்றை இளமையிலேயே அறிந்துவிடுகிறது. ஆய்வுப்பகுதி மக்களிடம் செய்த தோல்சோதனையும் இத்தகைய அறிமுகம் மிகப் பரவலாக இருந்ததைக் காட்டியது. உறவினங்கள் தந்த இயற்கைப் பாதுகாப்பு, ஊசியின் பயன் தனித்துத் தெரியாதவாறு மறைத்திருக்கலாம் என்பது ஒரு கருத்து. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கப் பி.சி.ஜி.யின் பயன் குறைந்துகொண்டே வருவதாகப் பிற்கால ஒப்பாய்வுகள் காட்டியமை இதற்குத் துணை நிற்கிறது. தொற்று மலிந்த ஊரில் மீண்டும் மீண்டும் புதிய கிருமி புகுவதால் ஊசி தோற்கிறது என்பது மற்றொரு கருத்து. சென்னைப் பகுதி நோயாளரிடமிருந்து பெற்ற கிருமிகள் சீமை எலிகளிடம் வீரியம் குன்றிக் காணப்பட்டதையும் சிலர் எடுத்துக்காட்டினர். இவற்றுள் எதுவும் தனியாக நின்று முடிவை முழுதும் விளக்கப் போதாது என்றே பதினைந்து ஆண்டு அறிக்கை கூறுகிறது. ஆய்வு முறையில் பிழை இருக்கக்கூடும் என்னும் ஐயத்தையும் ஆராய்ந்து அது விலக்கியுள்ளது.

தேடிக் கண்டு மருந்து கொடுத்தல்

ஊசி சங்கிலியை அறுக்காது எனில், நோயாளரை விரைந்து கண்டறிந்து முழுமையாகக் குணப்படுத்துவதே எஞ்சிய வழி. அவ்வழி உண்மையில் ஊரின் நோய்ச்சுமையைக் குறைக்குமா? இதனை அளப்பதற்கும் திருவள்ளூர் மாவட்டமே களமானது.

1999-இல் நேரடிக் கண்காணிப்புச் சிகிச்சைத் திட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது. ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து ‘டாட்ஸ்’ என்று அதனை அழைப்பர். காசநோய் மருந்தை ஆறு மாதமேனும் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். இருமல் இரண்டே மாதத்தில் நின்றுவிடும், உடல் தேறும், கூலி வேலைக்குத் திரும்பியவர் மருந்தை மறந்துவிடுவார். பாதியில் விட்டால் நோய் திரும்புவதோடு, மருந்துக்கு அடங்காத கிருமியும் உருவாகும். ஆகவே ஊரிலுள்ள ஒருவர், அங்கன்வாடிப் பணியாளரோ நலப்பணியாளரோ, கண்முன் மருந்தை விழுங்கச் செய்யும் ஏற்பாடு உருவானது.

திட்டம் தொடங்கிய காலத்தில் 15 வயதும் அதற்கு மேலுமானோரிடம் மாதிரிக் கணக்கெடுப்பு நடந்தது. ஒவ்வொரு சுற்றிலும் 83,000 முதல் 90,000 பேர் வரை இடம்பெற்றனர். 1999–2001-இல் ஓர் இலட்சம் பேருக்கு 609 பேரிடம் காசநோய்க் கிருமி வளர்ப்புச் சோதனையில் தென்பட்டது. 2004–2006-இல் அவ்வெண் 311. ஆண்டுக்கு 12.6 விழுக்காடு வீதம் குறைந்து, ஐந்தாண்டில் ஏறத்தாழப் பாதியானது. இது ஆண், பெண் இருபாலாரிடமும் எல்லா வயதினரிடமும் ஒரே சீராக நிகழ்ந்தது. சுப்பிரமணி, இராதாகிருஷ்ணா முதலியோர் 2008-இல் இதனை வெளியிட்டனர். பி.சி.ஜி. ஆய்வுக் காலத்தில் எடுத்த கணக்குகள் கையில் இருந்தமையால், அந்நாளைய மெல்லிய சரிவோடு இதனை ஒப்பிட்டுக் காணவும் முடிந்தது. பொய்த்துப்போன ஊசி ஆய்வின் பழைய ஏடுகள் இவ்வாறு வேறொரு வெற்றியை அளக்கும் கோலாயின.

அவ்வெற்றியும் நேர்கோட்டில் செல்லவில்லை. அடுத்து நடந்த கணக்கெடுப்பில் சரிவு நின்று, எண்ணிக்கை சற்று ஏறியிருந்தது. அதையும் ஆய்வாளர்கள் அச்சேற்றினர்.

இதே மாவட்டத்தில் சிகிச்சையை இடையில் கைவிட்டோர், இறந்தோர் யார் யார் என்பதும் ஆராயப்பட்டது. குடிப்பழக்கம் உடையவர்கள் மருந்தை விட்டுவிடுவது மிகுதியாக இருந்தது. இறந்தோரிடையே தனித்துத் தெரிந்த ஒரு கூறு உடல் எடை. சிகிச்சை தொடங்கும்போது 35 கிலோவுக்கும் குறைந்த எடையுடன் இருந்தோர் இறக்கும் வாய்ப்பு அதிகம். வளர்ந்த ஒருவருக்கு 35 கிலோ என்பது பள்ளிச் சிறுவனின் எடை. நோய் உடலை உருக்கிற்றா, உருகிய உடலில் நோய் புகுந்ததா என்னும் வினாவுக்கு, இரண்டும் என்பதே விடை. சார்க்கண்டில் நடந்து 2023-இல் வெளிவந்த ஆய்வொன்று, நோயாளரின் குடும்பத்தாருக்கு உணவுப் பொருள் வழங்கியபோது அவர்களிடையே புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்ததைக் காட்டியது. தமிழ்நாடு 2022 முதல், புதிதாகக் கண்டறியப்படும் நோயாளருள் மிகவும் மெலிந்தோரையும் தளர்ந்தோரையும் உடனே இனங்கண்டு மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தை நடத்தி வருகிறது.

கும்மிடிப்பூண்டியில் எழும் புது வினா

1968-இல் ஊர்ப்பட்டியல் எழுதியவர்கள் ஒன்றை நம்பியிருந்தனர்: இரண்டரை ஆண்டு கழித்து வந்தாலும் பெரும்பாலோர் அதே வீட்டில் இருப்பர். அதே மாவட்டத்தின் வடகிழக்கு மூலையில், ஆந்திர எல்லையை ஒட்டி அமைந்த கும்மிடிப்பூண்டிச் சிப்காட் தொழிற்பேட்டையில் இந்நம்பிக்கை செல்லாது. கொல்கத்தா நெடுஞ்சாலையும் இருப்புப்பாதையும் கடந்து செல்லும் அவ்விடத்தின் இரும்பாலைகளுக்கும் பிற ஆலைகளுக்கும் ஒடிசா, பீகார், மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர் வருகின்றனர். ஒரே அறையில் பலர் தங்கி, ஒரு முறைப்பணியினர் உறங்கும்போது மற்றவர் வேலைக்குச் செல்வர். காற்றோட்டம் குறைந்த இத்தகைய அறைகள் காசநோய் பரவுவதற்கு ஏற்றவை. வார்ப்படம், கல்லரைத்தல் போன்ற தொழில்களில் எழும் மணற்சிலிக்காத் தூசு நுரையீரலைக் கெடுத்து, உறங்கும் கிருமியை எழுப்பவல்லது என்பதும் நெடுநாள் அறிந்த உண்மை.

நோய் கண்டறியப்பட்டாலும் சிக்கல் தீர்வதில்லை. தொழிலாளி ஒருவர் மூன்றாம் மாதத்தில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்குத் திரும்பினால், மருந்து அவரைப் பின்தொடர வேண்டும். இதற்காகவே 2012-இல் ‘நிக்ஷய்’ என்னும் நாடு தழுவிய கணினிப் பதிவு ஏற்படுத்தப்பட்டது. திருவள்ளூரில் பதிந்த நோயாளரை ஒடிசாவின் ஒரு மாவட்டத்துக்கு மாற்றிவிட அது உதவுகிறது. 2018 முதல் நோயாளரின் வங்கிக் கணக்கில் ஊட்டச்சத்துக்கென மாதம் 500 ரூபாய் செலுத்தப்பட்டது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாயாக உயர்ந்தது. தமிழ் அறியாத தொழிலாளி ஒருவருக்கு, இருமலோடு எங்குச் செல்வது, விடுப்பெடுத்தால் கூலி போகுமா, அறைத்தோழர் விலக்கிவிடுவரா என்பவை கணினிக்கு எட்டாத வினாக்கள்.

ஊசியைப் பற்றிய பழைய வினாவும் முடிந்துவிடவில்லை. முன்பு காசநோய் வந்து குணமானோர், நோயாளருடன் வாழ்வோர், முதியோர் போன்ற வளர்ந்தோருக்குப் பி.சி.ஜி. போட்டால் பயனுண்டா என்பதை அறிய இந்தியா 2024-இல் மீண்டும் ஓர் ஆய்வைத் தொடங்கியது. 1968-க்கும் 1971-க்கும் இடையில் திருவள்ளூர் வட்டாரத்து ஊர்களில் தாயின் இடுப்பிலிருந்தபடி குறியெண் இட்ட குப்பியிலிருந்து ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் இப்போது ஐம்பதைக் கடந்துவிட்டனர்; அவர்களுள் மூத்தோர் அறுபதை எட்டுகின்றனர். வளர்ந்தோரின் மேற்கையில் அதே ஊசி மறுபடியும் இறங்குகிறது.